காத்திருப்புக் கட்டணம்

ரப்பில் இனி இடமில்லை.
இருநூற்றுப் பதினேழு வயல்,
வயலுக்கு ஆறு படம், ஒரு வீடியோ,
எல்லாம் ஒரே சேற்று நிறம்.
விடிந்தால் அக்கராயன் பக்கம் உழவுயந்திரம் போகும்.
இன்னும் அறுபத்திரண்டு வயல்.
வெள்ளம் வடியமுதல் எடுக்கவேணும்.
வடிந்தபின் எங்கள் சொல் வெறும் சொல்,
காசு தருகிறவர்களுக்குக் கண்தான் காது.

துணுக்காய்க் கமநல அலுவலகம்.
மூன்று நாளாய்க் கரண்ட் இல்லை.
மேசையில் கறுப்பு ஹார்ட் டிஸ்க்,
முதுகில் வெள்ளைப் பெயின்ரில்
திணைக்களத்து இலக்கம்.

கேபிளைக் குத்தினேன்.
நீல வெளிச்சம்.
உள்ளே ஏதோ எழும்பப் பார்த்தது.
டிக்.
பிறகும் டிக்.
உதைக்க உதைக்கப் பத்தாத
மழையில் நனைந்த மோட்டச்சைக்கிள்.

ரப் கேட்டது:
இதை வாசிக்க முடியவில்லை,
அழித்துப் புதிதாக்கவா?
வேண்டாம் என்பதற்குச் சின்னப் பொத்தான்,
ஆம் என்பதற்கு அகலமான பொத்தான்.
போன போகத்து முழு மாவட்டமும் அதற்குள் கிடக்கிறது.
பெருவிரலை மடக்கி
உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"பழுதில்லை அக்கா, அதுக்குப் பசி"
என்றான் கஜரூபன்.
"ரப் ஒரு வாய்தான் குடுக்குது.
அது சுத்த ரெண்டு வாய் வேணும்."
லாச்சிக்குள் கிண்டி
இரட்டைத் தலைக் கேபிள் ஒன்று எடுத்தான்.
கறுப்புத் தலை ரப்புக்கு,
சிவப்புத் தலை அவன்ர பவர் பாங்குக்கு.

சுழன்றது.
கையை வைத்தால் தெரியும் அளவுக்கு ஒரு நடுக்கம்.
ஒன்பது வயல் ஏறியது.
பத்தாவது, பத்மலோசனியின் இரண்டேக்கர்,
வரம்போடு பாதியில் நிற்கையில்
பவர் பாங்கின் கடைசிப் புள்ளி செத்தது.

ஒதுங்க வந்த ஓட்டோ ஒன்று
முற்றத்தில் நின்றது.
கான்டிலுக்குக் கீழே போன் சார்ஜ் போடும் ஓட்டை,
அதைச் சுற்றி ஊதா லைற்.
"குடுக்கலாம்," என்றான் சத்தியவரதன்,
"ஆனா பற்றரி கிழடு. எஞ்சின் ஓடோணும்."

எஞ்சின் ஓடியது.
சீற்று முழுக்கக் குலுக்கல்.
சுழலுகிற டிஸ்குக்குக் குலுக்கல் ஆகாது,
கேபிளோ ஒரு முழம்.
ஆகவே நான் வெளியே நின்றேன்,
கையை உள்ளே நீட்டி, முழங்கை எதிலும் படாமல்.
இடக்கையில் டிஸ்க், வலக்கையில் ரப்,
தலைக்குமேல் கஜரூபனின் குடை,
அதுவும் பாதி அவனுக்குத்தான்.
ஓட்டோ எங்கும் போகவில்லை.
சைலன்சர் புகையில்
வயல்கள் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன.

பதினெட்டு வீதம்.
நாற்பது.
நாற்பத்தொன்றில் நெடுநேரம்.
நுளம்பு கழுத்தில். அடிக்கக் கையில்லை.
"பாட்டுப் போடட்டே?"
"வேண்டாம்! கரண்டைப் பங்கு போடாதை!"
சிரித்துவிட்டு ஊதா லைற்றையும் நூர்த்தான்.
பிறகு இருட்டு,
நாங்கள் மூன்று பேர்,
பச்சைக் கோடு ஒன்று.

நாற்பத்தேழு நிமிடம்.
எல்லாம் ஏறியதா என்று எண்ணி,
பத்மலோசனியின் வரம்பை மட்டும் திறந்து பார்த்து,
பாதுகாப்பாகக் கழற்று என்பதை அழுத்தி,
சுழற்சி அடங்குமட்டும்
கையை அசைக்காமல் நின்றேன்.

பிறகு பற்றுச்சீட்டு.
புறப்பட்ட இடம்: துணுக்காய்.
சேர்ந்த இடம்: துணுக்காய்.
தூரம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
காத்திருப்புக் கட்டணத்துக்குக் கட்டமே இல்லை.
பூச்சியம் என்று எழுதி, கீழே
பெற்றோல் ஒரு லீற்றர் என்று எழுதினேன்.

சத்தியவரதன் வாங்கி
ரோர்ச் வெளிச்சத்தில் வாசித்தான்.
"கணக்குப் பாக்கிறவர் கேப்பார் அக்கா."
கேட்கட்டும்.
ரப் வெறுமையாகிவிட்டது.
விடிய இன்னும் நாலு மணித்தியாலம்,
சப்பாத்துக்குள் தண்ணீர்,
இடது தோள் இன்னும்
எதையோ ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.